எண்பத்தைந்து சென்ரிமீற்றர்

புர்க்டோர்ப். எம்மே ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி
எழுபத்து நாலாம் ஆண்டுக் குளியலறை.
பாசிப்பச்சை ஓடு. ஒற்றைக்காலில் நிற்கும் பேசின்.
அதன் தலைக்கு மேல் ஒரு கண்ணாடி,
காலையில் அதற்குள் ஐந்து முகம்.

ஆறு இருபதுக்கு இவர் சவரம் செய்வார்.
இவர் கக்கத்துக்குள்ளால் எட்டிப் பார்த்து
நிதுஷா கண்ணுக்கு மை எழுதுவாள்.
அபிரன் பற்பசை நுரையைக்
குளிக்கும் தொட்டிக்குள் துப்புவான்.
சின்னவள் பிளாஸ்ரிக் முக்காலியில் ஏறி
எல்லாருக்கும் தீர்த்தம் தெளிப்பாள்.
என் முறை வரும்போது
கண்ணாடி முழுக்க ஆவி.
ஒன்பது வருடமாய் என் முகத்தை
வேலைத்தலத்து லிஃப்டில்தான் பார்த்துக்கொள்கிறேன்.

கடன் கிடைத்த கிழமை கடைக்குப் போனோம்.
ஃபிராவ் வெங்கர் எங்கள் சுவர்களைக்
கணினிக்குள் நிறுத்திக் காட்டினாள்:
சுவரோடு சுவராய்ப் பதித்த அலுமாரி,
இரண்டு மீற்றர் பத்து நீளம்,
இரட்டைப் பேசின், ஓக் நிறம்,
கல் மாதிரி, ஆனால் கல் இல்லாத மேற்பலகை.
கைபிடி இல்லாத லாச்சிகள்;
தொட்டால் வரும், தள்ளினால்
மெல்ல மெல்லத் தானாய்ப் போகும்,
கோபத்தில் அடித்துச் சாத்தவே முடியாது.
"அப்ப நீ கோபம் எண்டு எனக்கு எப்படித் தெரியும்?"
என்றார் இவர், தமிழில்.
இவர் காலை மிதித்தேன்.

ஷூப்லாட என்றாள் அவள்.
லாச்சி என்றேன் நான், வாய்தவறி.
ஒரே மரத்தில் அறுத்த சொற்கள் போலக் கேட்டன.

"உயரம் எண்பத்தைந்து. எல்லாரும் போடுவது அதுதான்."

எல்லாரும் என்றால் யார்?
இவர் நூற்று எழுபத்தெட்டு.
அபிரன் மாதத்துக்கு ஓர் அளவு.
சின்னவள் நூற்றுப் பதினொன்று,
முக்காலியோடு நூற்று முப்பது.

நான் சொன்னேன்:
வலது பக்கப் பேசினுக்குக் கீழே லாச்சி வேண்டாம்.
வெறுமனே விடுங்கள்.

மவுஸைத் தட்டுவதை நிறுத்தினாள்.
"நல்ல இடம் வீணாகுமே. குடும்ப வீடுதானே இது?"

என் வேலை முதியோர் இல்லத்தில்.
விடிய ஏழு மணிக்குள் ஆறு பேரைக் கழுவித் துடைப்பேன்.
எந்த மூலை எந்தத் தொடையில்
என்ன நிறத்தில் கண்டல் போடும் என்று தெரியும்.
ஹெர் லுஸ்டன்பெர்கர், பாலங்கள் கட்டிய எஞ்சினியர்,
சக்கரநாற்காலியில் முழங்கால் அலுமாரிக் கதவில் இடிக்க,
குழாய்க்கு எட்டாமல்,
சொட்டும் நீரில் ஒரு விரலை நனைத்து
இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்வார்.
அதுதான் அவர் முகம் கழுவுவது.

இதை ஜெர்மனில் சொல்லி முடித்தேன்.
வினைச்சொற்கள் முன்பின்னாகத்தான் வந்தன.

"ஆருக்கு இது?" இவர் கேட்டார், பகிடி இல்லாமல்.
"எங்கள் இரண்டு பேரில்
ஆருடைய முழங்கால் முந்துதோ, அதுக்கு."

லாச்சி இரண்டு குறைந்தும் விலை குறையவில்லை.
வெறுமைக்கும் பிராங்கில் கணக்கு இருக்கிறது.

கார்த்திகையில் பூட்டினார்கள்.
நான்கு நாள் அயல்வீட்டில் பல் விளக்கினோம்.
பிறகு லாச்சிச் சண்டை.
மேலது தனக்கு என்று நிதுஷா பெயர் ஒட்டினாள்.
அபிரனின் லாச்சிக்குள்
இன்னும் உறை பிரிக்காத ஒரு சவரக்கத்தி;
பார்த்ததை நான் சொல்லவில்லை.
இவருடையதில் பிரஷர் குளிசை,
எனக்குத் தெரியாத ஒரு புதுப் பெட்டி உட்பட.
தொட்டேன், வந்தது. தள்ளினேன்,
சத்தமே இல்லாமல் போனது.
கோபத்தைப் பிறகு வாயால்தான் சொல்லவேண்டியிருந்தது.

வலது பேசினுக்குக் கீழே, அந்த வெறுமையில்,
இப்போதைக்குச் சின்னவள் குடியிருக்கிறாள்,
முக்காலியும் இரண்டு பொம்மையும்
ஒரு துவாய்த் திரையுமாய்.
கதவு தட்டாமல் யாரும் முகம் கழுவக்கூடாதாம்.

புதுக் கண்ணாடியில் ஆவி பிடிப்பதில்லை.
முதல் நாள் ஆற அமர முகம் கழுவி நிமிர்ந்தேன்.
சட்டை வயிற்றோடு தொப்பலாய் நனைந்திருந்தது.
எல்லாருடைய உயரமும் அளந்தேன்,
என் நூற்று ஐம்பத்திரண்டை
ஒருவரும் கேட்கவில்லை,
நானும்.

"கதிரையில இருந்து கழுவினா
அளவாத்தான் இருக்கும்" என்கிறார் இவர்,
இடது பேசினில் வாய் கொப்பளித்தபடி.