வெள்ளி, மாலை ஐந்து

மௌனம் சம்மதம் என்பது
கல்யாணப் பேச்சுக்குச் சரி;
ஒப்பந்தச் சட்டத்தில் செல்லாது.
காலை எட்டு மணி வகுப்பில் இதைச் சொல்லும்போது
பாதிப் பேர் மேல்கோட்டைக் கழற்றவில்லை.
வெளியே டுலூத், பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது.
பின்வரிசையில் ஓடின் மாக்கி
கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறான்.
அதுவும் மௌனம்தான். ஏற்பு ஆகாது.

கணக்கியல் துறை மாடியில்
வணிகச் சட்டம் நடத்துகிறவள் நான்.
இங்கே எனக்குப் பெயர் வக்கீல்.
பழுதான பிரிண்டரின் உத்தரவாதம் முதல்
விவாகரத்து வரை
நடைக்கூடத்தில் நிறுத்திவைத்துக் கேட்பார்கள்.
சட்டக் கல்லூரிக்காரர்களின் மாநாட்டிலோ
என் கழுத்து அட்டையைப் படித்ததும்
என் தோளுக்குப் பின்னால் வேறு யாரையோ தேடுவார்கள்.
இரண்டு வீட்டுக்கும் விருந்தாளி;
சாப்பிட்டாயா என்று கேட்கத்தான் ஆளில்லை.

கூடப் படித்த கோரின் ப்ரெட்டசன்
மினியாபொலிஸில் தன் நாளை
ஆறாறு நிமிடமாக நறுக்கி விற்கிறாள்.
நான் பருவம் முழுவதையும் மொத்த விலைக்குத் தருகிறேன்.
பதினோராவது முறையாக டீனின் கடிதம்:
ஓராண்டு நியமனம், நிதி நிலைமைக்கு உட்பட்டு.
என் மாணவர் யாராவது இப்படி எழுதியிருந்தால்
ஓரத்தில் சிவப்பு மையில் கேட்டிருப்பேன்:
எதிர்த்தரப்பு எதற்குத்தான் கட்டுப்படுகிறது?

இந்த வாரம் ஒமாஹாவிலிருந்து ஒரு முன்மொழிவு.
நிரந்தரமாக வழியுள்ள பதவி. ஜன்னல் வைத்த அறை.
ஜனவரியில் சேர வேண்டும்.
பதில், வெள்ளி மாலை ஐந்துக்குள்.

வியாழனன்று பா ந்யா வாங் வந்தாள்.
தேர்வைப் பற்றிக் கேட்க அல்ல.
பையிலிருந்து எடுத்தது அம்மாவின் கடைக் குத்தகை,
பதினான்கு பக்கம், மீன் சாஸ் கறையோடு.
பன்னிரண்டாம் பக்கத்தில் எறும்பு எழுத்தில்:
குத்தகைதாரர் எதுவும் சொல்லாவிட்டால்
மேலும் ஐந்தாண்டுக்குச் சம்மதித்ததாகக் கொள்ளப்படும்.
கெடு, நாளை.

"மௌனம் ஏற்பு ஆகாது என்றீர்களே?"
சொன்னேன்தான்.
ஆகும் என்று முன்பே கையெழுத்துப் போட்டிருந்தால் ஆகும்
என்பதையும் பத்தாவது வாரத்தில் சொன்னேன்.
அன்று பனிப்புயல். வகுப்பில் ஆறு பேர்.

மாணவர் வழக்கில் தலையிடக் கூடாது, பல்கலைக்கழக விதி.
அந்த விதியை அவளுக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன்.
பிறகு பேனாவைத் திறந்தேன்.

வெள்ளி, நாலு இருபது. தபால் நிலையம்.
பதிவுத் தபால், ரசீது, முத்திரை.
முத்திரைத் தேதி போதும் என்கிறது பதின்மூன்றாம் பக்கம்.
அவள் அம்மா நன்றி என்று எதுவும் சொல்லவில்லை.
என் கோட்டுப் பையைத் தானே திறந்து
ஒட்டும் அரிசிச் சோற்றுப் பொட்டலம் ஒன்றைத் திணித்தாள்.
வேலை முடிந்த பின் தருவது
சட்டப்படி மறுபயன் ஆகாது.
சூடாக இருந்தது.

நாலு ஐம்பத்திரண்டு. கார்.
வீட்டுக்குப் போகும் தூக்குப் பாலம் மேலே நிற்கிறது;
ஏரி உறைவதற்குள் ஓடித் தீர்க்கிறது ஒரு தாதுக் கப்பல்.
அடுத்த பருவத்துக்கு என் வகுப்பில் நாற்பத்தொரு பெயர்,
தோற்றுத் திரும்பும் மாக்கியையும் சேர்த்து.
கையுறையைக் கழற்றித் தட்டினேன்:
வருகிறேன். ஆனால் ஆகஸ்டில்.

அந்த ஆனாலை நான் அறிவேன்.
பதினோரு ஆண்டாக அதற்கு இரண்டு மதிப்பெண்:
நிபந்தனை சேர்த்த ஏற்பு, ஏற்பல்ல;
அது எதிர்முன்மொழிவு.
வந்த முன்மொழிவை அது அப்போதே கொன்றுவிடும்.
விடை தெரிந்தே அனுப்பினேன்.

கப்பல் நீளம். பாலம் இறங்கவில்லை.
பொட்டலத்தைப் பிரித்தேன்,
கார்க் கண்ணாடி முழுக்க ஆவி.