ஒன்று குறைவு, இரண்டு கூட

ஆறு கால் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.
யானையளவு உயரம், கடலோரத்து வாசம்,
ஓடும்போது நம்பும்படி இருக்க வேண்டும்.
மற்றதெல்லாம் என் பாடு.

முதல் கிழமை வரைந்ததெல்லாம்
இரண்டு மிருகங்களை நடுவில் தைத்ததாக வந்தது.
நடுக்காலுக்கு இடமில்லை.
விலாவில் குழி தோண்டி மூட்டு வைத்தால்
மூச்சு எங்கே விரியும்?
யசோதினி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து
"இது நடக்காது மச்சான், மேசை மாதிரி நிற்கும்" என்றாள்.

வெள்ளவத்தை மார்க்கெட்டில் இஷாக்
ஆட்டின் முன்னங்காலைக் கழற்றிக்கொண்டிருந்தான்.
எலும்பு முறியும் சத்தமே இல்லை.
கத்தியைப் படுக்கவைத்து ஓர் இழுப்பு,
தோள்பட்டை அப்படியே கையோடு வந்தது.
மூட்டு எங்கே என்றேன்.
"மூட்டு பின்னுக்கு. முன்னுக்கு இறைச்சிதான் பிடிச்சிருக்கு."
அரைக் கிலோவா ஒரு கிலோவா என்று கேட்கும்
அதே குரலில் சொன்னான்.

ஆட்டின் நெஞ்சு
இரண்டு முன்னங்கால்களுக்கு நடுவே
ஊஞ்சலில் தொங்குகிறது.
முப்பத்தொரு வருடம் கறி தின்றும்
எனக்கு இது தெரியாது.

அன்றிரவு குழி தோண்டவில்லை.
விலாவின்மேல் இன்னொரு தோள்பட்டையை வழுக்கவிட்டு
தசையால் கட்டினேன்.
இறைச்சி வாங்க மறந்தது
சட்டியைத் திறந்தபோதுதான் ஞாபகம் வந்தது.

உயரத்தை இரட்டித்தால் நிறை எட்டு மடங்கு.
எலும்பின் வெட்டுமுகமோ நாலு மடங்குதான்.
மீதி நாலை யார் சுமக்கிறது?
மெல்லிய கணுக்கால்களை அழித்தேன்,
எனக்குப் பிடித்த கணுக்கால்கள்.
கழுத்தைக் குறுக்கினேன்.
கொம்பை யசோதினி அழித்தாள்;
இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை.

நடைக்குக் கரப்பானைப் பார்த்தோம்:
ஒரு பக்கத்து முன்னும் பின்னும், மறுபக்கத்து நடுவும்
நிலத்தில் நிற்க, மற்ற மூன்றும் காற்றில்.
பார்த்தால் புரிகிறது, வரைந்தால் தடுமாறுகிறது.
ராத்திரி பதினொன்றுக்கு
பிளாட்டின் கீழே கார் நிறுத்துமிடத்தில்
நான் நாலு காலில் தவழ,
அவள் என் இடுப்பைப் பிடித்தபடி
இரண்டு காலில் பின்னால்.
இடது, வலது, இல்லை, இப்ப உன்ர கால்,
என்ர முழங்காலை மிதிக்காதே!

வாச்மன் விமலசேன டோர்ச்சோடு வந்து
என்ன தொலைந்தது என்று சிங்களத்தில் கேட்டார்.
தோடு, என்றாள் அவள்.
அவரும் குனிந்தார்.
இல்லாத தோட்டைத் தேடி
ஒரு காருக்கடியிலிருந்து மறு காருக்கடிக்கு
மூன்று பேர், எண்ணிப் பார்த்தால் ஆறு கால்.

எட்டு எவ்வளவு நீளம் என்பது மட்டும் பாக்கி.
ஞாயிறு பின்னேரம் தண்டவாளத்தோடு
பம்பலப்பிட்டிப் பக்கம் நடந்தேன்.
சிலிப்பர் கட்டைகள் மனிதக் காலுக்கு
ஒருநாளும் பொருந்துவதில்லை.
ஒன்றொன்றாய் மிதித்தால் குறைவு,
இரண்டாய்த் தாண்டினால் கூட.
குடைக்குள் இருந்து எழும்பி வருகிற சோடிகள்,
தூண்டில்காரர், டியூஷன் பொடியள்,
எல்லோரும் இதில் நொண்டித்தான் போகிறோம்.

மூன்று கட்டை ஓர் எட்டு
என்று கைபேசியில் குறித்தேன்.
தொடையை ஐந்து அங்குலம் நீட்ட வேண்டிவரும்.

கோட்டையிலிருந்து ரயில் வந்தது.
கல்லில் இறங்கி நின்று, அது போனதும் ஏறினேன்.
கடல் தெறித்த ஈரம்
ஒரு கட்டையில் இருந்தது.
அடுத்த இரண்டும் காய்ந்து கிடந்தன.
பிறகு ஒன்று ஈரம்.

தற்செயல்தான்.
எண்ணிக்கொண்டே வந்தேன்
வெள்ளவத்தை ஸ்டேசன் வரை.