உறிஞ்சும் பக்கம்

இருபதாவது வளைவிலும் மேனேஜர் போன்:
"நாலு மணிக்கு கெஸ்ட் வர்றாங்க."
காலுக்கிடையில் புது மோட்டார்,
ஒன்றரை எச்பி. அட்டைப்பெட்டியில் இன்னும்
செவ்வாய்ப்பேட்டை வெயிலின் சூடு.

நாகலூர் போகும் வழியில்
காப்பிச் செடிகளுக்கு நடுவே அந்த நீலக்குளம்.
மூன்று நாளாய்ச் சுற்றாத தண்ணீர்
பச்சைக்கு மனசு மாறிக்கொண்டிருந்தது.
குளத்துக்கு மேலே சரிவில் மோட்டார் அறை,
குனிந்து போய்க் குனிந்தே திரும்ப வேண்டிய இடம்.

கழற்றுவதற்கு யூனியன் தேடினேன்.
இல்லை.
முன்னால் வந்தவன் எல்லாவற்றையும் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான்,
இந்த மோட்டார் சாகவே சாகாது என்பதுபோல.
ரம்பம் எடுத்தேன்.
சுவரைத் தாண்டி பைப் மூன்று விரல்தான்.
அதில் ஒரு எல்போ,
எல்போவின் உதட்டிலேயே மோட்டாரின் வாய்.
தண்ணீர் திரும்பிய வேகத்தில் மூச்சுவிட இடமில்லை.
அவனையும் அவனுக்கு ரம்பம் விற்றவனையும்
சேர்த்தே திட்டினேன்.
அல்லிமுத்து சிரித்தான்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார்.
"எங்கேயும் ஒழுகலையே, தரை காய்ஞ்சுதானே கிடக்கு?"
சார், தள்ளும் பக்கம் ஒழுகினால் தரை சொல்லிவிடும்.
உறிஞ்சும் பக்கம் அப்படியில்லை.
அங்கே தண்ணீர் வெளியே வராது,
காற்று உள்ளே போகும்.
குடிப்பதாய் நினைத்து வெறும் வாயை மெல்லும் மோட்டார்.
கூழாங்கல் உருட்டுகிற குரலில் சில மாதம் புலம்பும்.
ஒருநாள் சீல் கருகி நிற்கும்.
"புலம்புச்சு" என்றார். "வயசாயிடுச்சுன்னு விட்டுட்டோம்."

இன்னும் நான்கு விரல் கிடைக்குமென்று
சுவரைக் கொத்தினேன்.
இரண்டாவது அடியில் உளி துள்ளித் திரும்பியது.
செங்கல் இல்லை.
மலை.
பைப்பின் தொண்டையைச் சுற்றி
நூல் நுழையாத கறுத்த பாறை.
அதில் வேறொரு உளியின் தடங்கள், ஏழோ எட்டோ,
எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து. இடது கைக்காரன்.
அவனும் கேட்டிருக்கிறான்.
மலை கொடுக்கவில்லை.
காலையில் திட்டியதை
இனி எங்கே போய்த் திரும்ப வாங்குவது?

மோட்டாரைத்தான் நகர்த்த வேண்டும்,
கதவுப் பக்கம் ஒன்றரை அடி.
பைப்பின் அகலம்போல் ஐந்து மடங்கு நேராக ஓடி
அப்புறம்தான் வாய்.
பழைய பைப் அறுபத்து மூன்று எம்எம், புது வாய் இரண்டங்குலம்.
மூன்று எம்எம் வித்தியாசத்துக்கு
தீயில் வாட்டிச் சரிக்கட்டலாம் என்றான் அல்லிமுத்து.
தள்ளும் பக்கமாயிருந்தால் தீப்பெட்டியை நானே கொடுத்திருப்பேன்.
மலையில் எந்தக் கடையிலும் இல்லாத ரெடியூசர்
சேலத்திலிருந்து மூன்று மணி பஸ்ஸில்
கண்டக்டர் பையில், சில்லறையோடு ஏறி வந்தது.

அதற்குள் டெஃப்லான் டேப்பைக் குரங்கு கொண்டுபோனது.
ஃபிலோமினா அக்கா வாழைப்பழம் காட்டிப் பார்த்தார்.
சில்வர் ஓக் உச்சிவரை வெள்ளை நாடா.
நாலு மணிக்கு வந்தவர்கள்
அலங்காரம் என்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

கீழே ஒரு மணி நேரத்தில் இறுகும் ஒட்டு
இந்த மூடுபனியில் ஒரு ராத்திரி கேட்கும்.
பைப்பைத் தொடாதீர்கள் என்றேன்.
"தொடாம இருக்கறதுக்கும் கூலியா?"
ஆமாம்.

விடிந்ததும் நான்கு வாளி தண்ணீர் ஊற்றி நிரப்பி,
மூடி முறுக்கி, சுவிட்ச் போட்டேன்.
கண்ணாடி மூடிக்குள் ஒரே குமிழிக் கூட்டம்.
பிறகு பத்து.
பிறகு மூன்று.
பிறகு தண்ணீர் மட்டும்,
நிற்பதுபோல் ஓடியது.

இரண்டு பக்கமும் யூனியன் வைத்திருக்கிறேன்,
கைமுறுக்கில் கழலும்.
அறைக் கதவுதான் இனி முழுக்கச் சாத்தாது,
மோட்டாரின் முதுகில் இடிக்கும்.
அடுத்து வருகிறவன்
இதைச் சொல்லியே என்னைத் திட்டுவான்.
திட்டட்டும்.
பாறைவரை கொத்திப் பார்த்துவிட்டுத் திட்டட்டும்.