பாக்கி ஆறு ரூபாய்

தாள் ஒன்றுக்கு இரண்டு ரூபாய்.
பன்னிரண்டு தாள்.
முப்பதை வைத்துவிட்டுச்
சில்லறைக்கு நிற்காமல் போனார்
நிலத்தடி நீர்ப் பிரிவு எழுத்தர் பூமிநாதன்.

தேவகோட்டை. சார் ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரி.
மழை வரப் பார்த்து வராமல் போன மத்தியானம்.
பட்டா, சாதிச் சான்று, இறப்புச் சான்று,
பூட்டிக் கிடக்கும் ஒரே வீட்டுக்கு
அறுபத்திரண்டு பங்காளிகள் போட்ட கையெழுத்து,
ஊரின் அந்தரங்கம் முழுக்க
என் ஜெராக்ஸ் கண்ணாடியில்
குப்புறப் படுத்து எழுந்திருக்கிறது.
எதையும் நான் படிப்பதில்லை.
இதைப் படித்தேன்.
சிவப்பு மையில் 'இரகசியம்' என்று குத்தி வைத்தால்
யார்தான் படிக்காமல் விடுவார்கள்?

முதல் பதினொரு தாளும் தண்ணீர்.
மூன்று ஊரணி, ஏழு ஆழ்குழாய்.
சாயப்பட்டறைக்குக் கீழ்ப்புறம்
ஒன்றுகூடக் குடிக்க ஆகாது
என்று ஆய்வகத்தின் கையெழுத்து.
தேதி, போன சித்திரை.
ஓரத்தில் பச்சை மையில் சாய்வாக ஒரு வரி:
'பொதுமக்களிடையே பீதி ஏற்படும். வெளியிட வேண்டாம்.'
இப்போது கார்த்திகை.
நடுவில் எத்தனை குடம்,
என் தங்கை வீட்டு அண்டாவையும் சேர்த்து.

பன்னிரண்டாம் தாளில் பெயர்கள்.
மனுக் கொடுத்தவர்கள்.
அடைக்கலம், த/பெ கருத்தப்பிள்ளை, கதவு எண் 4/17.
அதே பட்டறையில் கொதிகலன் வேலை.
அவருக்குக் கீழே இன்னும் மூன்று பேர்.

தினமும் யாராவது
மூடிக்கு அடியில் மூலத்தாளை மறந்துவிட்டுப் போவார்கள்.
அந்த ஒன்றை
நானும் மறந்திருக்கலாம்.
நினைத்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன்.
'சீக்கிரம் க்கா' என்றார் அடுத்த ஆள்,
கையில் ஆதார் கார்டு.
பொத்தானை அழுத்தினேன்.
வெளிச்சம் அந்தப் பெயர்களின் மேல்
ஒருமுறை போய்த் திரும்பியது.

வெள்ளிக்கிழமை வாரப் பத்திரிகையில் வந்தது.
பன்னிரண்டும்.
கதவு எண்ணோடு.
'ஓர் எழுத்தும் மறைக்கவில்லை'
என்று முதல் பக்கத்தில் மார்தட்டியிருந்தார்
ஆசிரியர் முத்துவீரப்பன்.

டீக்கடையில் கண்ணாடி டம்ளர்கள் அதிர்ந்தன.
'ராணுவ ரகசியம்னா சரி.
ஊரணித் தண்ணியில என்னய்யா ராணுவம் இருக்கு?'
'சட்டம்னா சட்டந்தான். இன்னிக்கி இது, நாளைக்கி எது?'
'ஒங்க வீட்டுல கேன் தண்ணி. பேசுவீக.'

திங்களன்று லாரியில் நல்ல தண்ணீர் வந்தது.
ஏழு மாதம் நகராத கோப்பை
ஒரு ராத்திரி அச்சு நகர்த்தியது.
என் தங்கை மகன் லாரிக்குப் பின்னால்
குடத்தோடு ஓடியதை நானே பார்த்தேன்.
அதைப் பொய் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

பட்டறைக்குச் சீல் வைத்தார்கள்.
நாற்பது பேருக்கு வேலை போயிற்று.
அவர்கள் கையில் கதவு எண் இருந்தது.

என் இயந்திரத்தைப் பதினோரு நாள்
காவல் நிலையத்தில் வைத்திருந்தார்கள்.
'கண்ணாடியில எதுவும் தங்காது சார்' என்றேன்.
எனக்குள் தங்கியதை
அவர் கேட்கவில்லை.

தை பிறந்ததும் அடைக்கலத்தின் மனைவி வந்தாள்,
இரண்டு பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழோடு.
திருப்பூருக்குப் போகிறார்களாம்.
நெற்றியில் தையல் பிரித்த தழும்பு.
'தண்ணி நல்லாத்தான் வருதாம்க்கா.
குடிக்கத்தான் நாங்க இல்ல.'
காசு வேண்டாம் என்றேன்.
நான்கு ரூபாயை
எண்ணி வைத்துவிட்டுத்தான் போனாள்.

செய்தது சரியா என்று கேட்கிறவர்களிடம்
பதினொரு தாளுக்கு
என்னிடம் பதில் இருக்கிறது.

பூமிநாதன் ஜாமீனில் இருக்கிறார்.
காலை பத்து மணிக்குக்
கையெழுத்துப் போட இந்தத் தெரு வழியாகத்தான் போகிறார்,
எதிர்ச்சாரியில்,
நிழல் இல்லாத பக்கமாக.
அவருடைய ஆறு ரூபாய்
ஊசி டப்பாவில் தனியாகக் கிடக்கிறது.
இன்று எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டேன்.

'சீக்கிரம் க்கா' என்றார்
அடுத்த ஆள்.