சாம்பல் கோடு

ஒட்டுசுட்டான் சந்தியில் சிரித்தார்கள்:
"வன்னியிலை பிறந்தவன்
தோட்டம் செய்ய ரியூசன் போறானாம்."

நான் போகவில்லை. அவள்தான் வந்தாள்
செவ்வாய்க்கிழமைகளில்,
சில்லெல்லாம் செம்மண் அப்பிய ஸ்கூட்டியில்.
கஜரூபி, விவசாயப் போதனாசிரியர்,
இருபத்தேழு வயது.
எனக்கு நாற்பத்தொன்பது.
முல்லைத்தீவு – வவுனியா பஸ்ஸில்
இருபத்திரண்டு வருடம் ரிக்கற் கிழித்து
முழங்கால் தேய்ந்து இறங்கியவன்.
வழியில் உள்ள மதகெல்லாம் தெரியும்,
என் வளவு தெரியாது.

முதல் நாள் நான் விதை கேட்டேன்.
அவள் ஒரு சிரட்டை சாம்பல் கேட்டாள்.
"எட்டு மணிக்கு நிழல் எதுவரைக்கும் நிக்குது?
கோடு போடுங்கோ அண்ணை.
பன்னிரண்டுக்கு ஒண்டு, நாலுக்கு ஒண்டு.
ஏழு நாளைக்கு மம்பட்டியைத் தொடாதேங்கோ."

வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்த சிவக்கொழுந்தர்
செய்வினை எடுக்கிறேன் என்று நினைத்தாராம்.
பாலைமரத்து நிழல்
என் பஸ்ஸைவிட நேரத்துக்கு வந்தது.
மிஞ்சிய ரிக்கற் கட்டின் பின்பக்கத்தில்
அதன் வரவையும் போக்கையும் எழுதிவைத்தேன்.

பிறகு கத்தரி, வெண்டி, பயிற்றை.
காலையில் ஆறு வாளி, மாலையில் ஆறு வாளி.
"எத்தனை வாளி ஊத்திறியள்?" என்று கேட்டாள்.
சொன்னேன். "ம்" என்றாள்.
அடுத்த செவ்வாயும் "ம்".
மூன்றாம் செவ்வாய்
பதினொரு கத்தரியும் தலைதொங்கி நின்றன.

"தெரிஞ்சுகொண்டோ விட்டனீர்?"
"ஓம்."
ஒன்றைப் பிடுங்கி வேரை மணக்கச் சொன்னாள்.
கழுவ மறந்த சோற்றுப்பானை மணம்.
"நான் சொல்லியிருந்தா மறந்திருப்பியள்.
இது மறக்காது."
அன்றைக்கு அவளுக்கு நான்
தேத்தண்ணி கொடுக்கவில்லை.

மேடை உயர்த்தினேன். உமி போட்டேன்.
கிளிசிரியாத் தழை வெட்டி மூடினேன்.
விரலை மண்ணுக்குள் இரண்டு கணு விட்டுப் பார்த்து
தண்ணீர் வேண்டுமா என்று
மண்ணிடமே கேட்கப் பழகினேன்.
மயில் மிளகாய்க் கன்றைக் கொத்தியது.
பயிற்றை முழுவதும் குரங்குக்குப் போனது.
"குரங்குக்கு என்னட்டையும் மறுமொழி இல்லை அண்ணை,"
என்று அவள் சொன்ன அன்றுதான்
அவளை முழுதாக நம்பினேன்.

கார்த்திகை மழை மூன்று நாள் விடாமல் பெய்தது.
ஒழுங்கை முழங்காலளவு வெள்ளம்.
இரவில் ரோச் அடித்துப் பார்த்தேன்:
மேடைகளுக்கு இடையால் தண்ணீர்
வரிசையில் நிற்கும் சனம்போல
தள்ளுமுள்ளில்லாமல் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.
நனைந்தபடி நெடுநேரம் நின்றேன்.
இருபத்திரண்டு வருடம்
மற்றவர்கள் இறங்குமிடத்தையே கூவியிருக்கிறேன்.

முதல் கத்தரிக்காயை லோகதாரணி பால்கறி வைத்தாள்.
"கடைக்காய் மாதிரித்தான்," என்றாள்.
இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டாள்.
கணக்குப் பார்த்தால் நட்டம்:
வரவு நாலு கிலோ கத்தரி, ஒரு பை வெண்டி.
செலவை எழுதிய ரிக்கற்றை
எங்கேயோ வைத்துவிட்டேன்.

தை மாதச் செவ்வாய் ஒன்றில்
தேத்தண்ணியை நீட்டிக்கொண்டு கேட்டேன்:
"உம்மட வளவிலை என்ன நிக்குது?"

"வளவோ?" என்று சிரித்தாள்.
மாங்குளத்தில் மேல்மாடியில் ஒரு வாடகை அறை.
யன்னலோரம் பெயின்ற் வாளியில்
ஒரேயொரு கற்பூரவள்ளி.
"அதுவும் வாடுது. ஏனெண்டு விளங்கேல்லை."

பதில் நாக்கு நுனிவரை வந்தது.
விழுங்கினேன்.

"எட்டு மணிக்கு வெயில்
எதுவரைக்கும் நிக்குது?"

கோப்பையை வைத்துவிட்டு
என்னையே பார்த்தாள்.
"அறைக்குள்ளை சாம்பல் போட்டா
வீட்டுக்காரன் ஏசுவான் அண்ணை."

"சோக்குக் கட்டி இருக்கு,"
என்றேன்.