எடு

சைக்கிள் கடைக்கு மேல் ஓர் அறை,
நெல்லியடிச் சந்தியில்.
சனிக்கிழமை பின்னேரம் நாங்கள் நாலு பேர்.
கீழே ரியூப்புக்குக் காற்றடிக்கிறார்கள்.
மேலே மூன்று கிழமையாக
ஒரே ஒரு ஜெர்மன் வினைச்சொல்லில் சிக்கிக் கிடக்கிறோம்.

அதற்கு மூன்று முகம்.
உயர்த்துதல், இல்லாமல் செய்தல், பத்திரப்படுத்தல்,
மூன்றும் ஒரே மூச்சில்.
மதத்தை மெய்யியல் அப்படிச் செய்ததாம்.
மெய்யியலைப் புரட்சி அப்படிச் செய்யுமாம்.
"கடத்தல்" என்று போடலாம் என்றார் போதகர் அருள்நேசன்.
சகுந்தலாதேவி சிரித்தா:
"கடத்தல் எண்டால் இஞ்ச வெள்ளை வான், ஐயா."

நான் ரியூபிங்கனில் ஏழு வருஷம் கோப்பை கழுவினவன்.
ஆற்றங்கரையில், குருத்துவத்துக்குப் படிக்கிறவர்களின் பழைய விடுதி.
முந்தி ஒருகாலம் அங்கே
வேதப் பாடம் முடிந்த இரவுகளில்
அயல்நாட்டில் அரசன் விழுந்த செய்தியைப்
பெடியள் ஒளித்திருந்து கொண்டாடினார்களாம்.
சொன்னவள் சமையலறைப் போலந்துக்காரி.
"நாங்கள் தேய்க்கிற சட்டி அவங்களைவிடப் பழசு" என்றும் சொன்னாள்.
என் வதிவிட அனுமதியை ரத்துச் செய்த கடிதத்தில்
இதே வினைச்சொல் இருந்தது.
கந்தோர்க்காரருக்கு அதற்கு ஒரு முகம்தான்.

போதகர் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:
கமக்காரரோடு வானவில் கொடியின் கீழ் நின்ற
பாதிரி ஒருவர் அந்த நாட்டில் இருந்தார்,
வேதப்புத்தகத்தைப் பிரபுக்களுக்கு எதிராகத் திருப்பி வாசித்தார்,
தலையை வெட்டினார்கள்.
"முப்பது வருஷப் பிரசங்கத்தில்
அவரைப் பற்றி ஒரு வசனம் நான் சொன்னதில்லை.
முன் வாங்கில் இருக்கிறது முழுக்கக் காணிக்காரர்."

சகுந்தலாதேவி கொப்பியை மூடினா.
"வரலாறு தீர்ப்புச் சொல்லும் எண்டு
எண்பத்தாறில் வந்த பெடியளும்தான் சொன்னவங்கள்.
அண்ணாவைக் கட்டின மின்கம்பத்தில் ஒரு மட்டை.
நல்ல வடிவான எழுத்து,
எழுத்துப்பிழை ஒண்டும் இல்லை.
கடவுளைக் கலைச்சுப்போட்டு
அந்தக் கதிரையில ஆரை இருத்தினனீங்கள்?"
கீழே ஆரோ பெல்லை அடித்து அடித்துப் பார்த்தார்கள்.

எனக்கு அப்பா நினைவில் வந்தார்.
சீவல் தொழில். கட்சிக் கூட்டத்தில் முன்வரிசை.
கடவுளை மனிசன்தான் செய்தவன்,
தன்னிடம் இருந்ததை எல்லாம் அள்ளி
அவருக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிறான் என்பதை
ஒரு துண்டுப்பிரசுரத்தில் வாசித்துப் பாடமாக்கியிருந்தார்.
அது எந்த நாட்டு யோசனை என்று அவருக்குத் தெரியாது,
கேட்கவும் இல்லை.
எங்கள் ஊர்க் கோயில் வாசலில்
பூட்டிய கதவுக்கு முன் பதினொரு நாள் படுத்தார்.
முழங்காலில் அலவாங்கு பட்ட தழும்பு.

கதவு திறந்த அன்று
தோழர்கள் வீதியில் கோஷம் போட
அவர் தனியே உள்ளே போனார்.
நெடுநேரம் வரவில்லை.
வந்தபோது பெரிய வளவுத் தோழர், நல்ல மனிசர்,
முகம் சுளித்தார்: "என்ன, கும்பிட்டனீரோ?"
"இல்லை. எடுக்கப் போனனான்."
"என்னத்தை?"
அப்பா சொல்லவில்லை.
தோளில் கொட்டுண்ட திருநீறைத் தட்டினார்.
முழுக்கப் போகவில்லை.

"எடு" என்று பலகையில் எழுதினேன்.
குடத்தை எடு.
களையை எடு.
பிந்தி வாறவனுக்குச் சோறு எடுத்து வை.
துவாரகன் எண்ணிப் பார்த்தான்: மூன்றும் இருக்கு, சேர்.
"அடுக்களைச் சொல்" என்றார் போதகர்,
ஆனால் எழுதிக்கொண்டார்.

சகுந்தலாதேவி மட்டும் பென்சிலைக் கடித்தபடி இருந்தா.
"பிரேதம் எத்தினை மணிக்கு எடுக்கிறது எண்டும் கேப்பம்" என்றா.
ஜெர்மனில் அது இல்லை என்றேன்.
"அப்ப எங்களிட்ட ஒண்டு கூட.
அதையும் எழுதுங்கோ."
எழுதினேன்.
வசனத்தில் இன்னும் பன்னிரண்டு சொல் மிச்சம்.
மழை இருட்டிக்கொண்டு வந்தது,
யன்னலைச் சாத்தினோம்.