இருபத்தொரு அவுன்ஸ்

வாங்கி வந்த அன்று அது மடங்க மறுத்தது.
மூலையில் நிறுத்தினேன், தானே நின்றது,
இடுப்பு வரைக்கும் மட்டும் வந்துசேர்ந்த விருந்தாளி போல.
இருபத்தொரு அவுன்ஸ் டெனிம்.
பாவில் அவுரி நீலம், ஊடையில் வெள்ளை,
காலை மடித்துவிட்டால்
சிவப்பு நூலோடிய கரை.
அந்தக் கரை தெரிவதற்காகவே
டுலூத் நகரத்துப் பனிக்கு
இரண்டு அங்குலக் கணுக்காலைத் தின்னக் கொடுத்தேன்.

துவைக்கக் கூடாது என்பது விதி.
ஓராண்டு. முடிந்தால் ஒன்றரை.
நாற்றம் வந்தால் பையில் கட்டி
ஃப்ரீசரில் வைக்க வேண்டும்.
வைத்தேன், மீனுக்கும் பட்டாணிக்கும் நடுவே.
ஐஸ்கிரீம் தேடிப்போன என் தங்கை
கால்சட்டையைக் கண்டெடுத்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் வலித்தது.

பிறகு ஒவ்வொன்றாக வந்தன.
ரயில் ஊழியர்கள் போட்ட மாதிரியில் கோடு போட்ட மேல்சட்டை,
மெழுகு பூசிய தொப்பி,
விரல்களுக்கு இரும்பு மூடி வைத்த பூட்ஸ்:
காப்பீட்டு அலுவலகத்தில் என் காலில் விழக்கூடியது
அதிகபட்சம் ஒரு ஸ்டேப்ளர்.
சுத்தியல் மாட்டும் வளையத்தில்
அடையாள அட்டை தொங்கியது.
ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள்.
என் கணக்கில் ஆள் கால், ஆடை முக்கால்.

வெளுப்பு வர வேண்டும், அதற்குத்தான் இத்தனை தவம்.
முழங்காலுக்குப் பின்னால் தேன்கூடு,
தொடையில் பூனைமீசை.
பதினான்கு மாதம் கழித்து விளக்கடியில் விரித்துப் பார்த்தேன்.
என் உடம்பு ஒரே இடத்தில்தான் கையெழுத்துப் போட்டிருந்தது.
நாற்காலி பட்ட இடத்தில்
இரண்டு வெளிர்நிலாக்கள்.

மேல்மாடியில் ஐலி குடியிருக்கிறாள்.
ஏரி உறைந்ததும் தாதுக் கப்பல்கள்
பாலத்துக்கு அந்தப் பக்கம் வந்து கட்டிக்கிடக்கும்.
அவற்றின் வயிற்றுக்குள் இறங்கி வெல்டிங் செய்கிறவள்.
ஜனவரி, விடிகாலை நாலே முக்கால், கதவைத் தட்டினாள்.
"என் கோட்டு நனைந்து பலகையாகிவிட்டது.
பருத்தியில் ஏதாவது வைத்திருக்கிறாயா?
பாலியெஸ்டர் என்றால் உருகித் தோலில் ஒட்டும்."
அலமாரியைத் திறந்தேன்.
ஒரு விசில் அடித்தாள்.
கரும்பழுப்பு கான்வாஸ் கோட்டை உருவினாள்,
வாங்கி மூன்று வாரம், அறுநூற்று நாற்பது டாலர்.
விலையைச் சொல்ல வாய் திறப்பதற்குள்
படியிறங்கிவிட்டாள்.

சாயங்காலம் என் கதவுக் கைப்பிடியில் அது தொங்கியது.
இடது தோளில் பொறி பட்டு ஏழு துளைகள்,
கைவிளிம்பில் கிரீஸ்,
காலரில் சுட்ட இரும்பின் வாசனை.
பையில் இருபது டாலர் நோட்டு, கூடவே ஒரு சீட்டு:
"நல்ல கோட்டு. கறைக்கு இது."

வெள்ளிக்கிழமை வரை கோபமாக இருந்தேன்.

சனிக்கிழமை காபிக் கடையில்
தாடிக்கு எண்ணெய் தடவி வாரிய ஒருவன்
வரிசையை விட்டு என் தோளிடம் வந்தான்.
தொட்டுப் பார்க்கலாமா என்றான்.
ஒவ்வொரு துளையாகத் தொட்டான்.
"இதெல்லாம் கடையில் கிடைக்காது. எத்தனை வருஷம்?"
"ரொம்ப நாள்" என்றேன்.
"வெல்டரா?"
அப்போது ஒரு கணம் இருந்தது,
அக்கரை தெரியாத ஏரி போல அகலமாக.
"குளிர்காலத்தில் மட்டும்" என்றேன்.

காபிக்கு நீட்டியது
அவள் வைத்த அந்த இருபது.

ஏரிக்கரையோடு நடந்து வந்தேன்.
காற்று முன்னமே எண்ணி வைத்திருந்தது போல
ஏழு இடத்திலும் தவறாமல் நுழைந்தது.
கரைக்கு நான் காசு கொடுத்தேன்.
கறைக்கு அவள்.

வீட்டில் கூரை அதிர்ந்துகொண்டிருந்தது,
மேலே அவளுடைய வாஷிங் மெஷின்.
வெந்நீர், அளவில்லாமல் சோப்பு,
எல்லாம் போகட்டும் என்று ஓடும் சத்தம்.
கோட்டைக் கழற்றாமல்
அது நிற்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றேன்.